மருந்துக்கடை உறையில் எழுதிய கொல்கத்தா

டிசம்பர் 6, வெள்ளி

காட்பாடியில் ஹவுரா வண்டி ஏறியதும் எதிர் பெர்த்தில் ஒரு வங்காளிப் பெரியவர். மனைவிக்கு வேலூரில் வைத்தியம் முடித்து ஊர் திரும்புகிறார். லாட்ஜ் அறையில் தானே மீன் வாங்கிச் சமைத்தாராம். தமிழில் "எவ்ளோ", "வேணாம்", "போதும்" மட்டும் தெரியும், வேலூரில் பேரம் பேச அதுவே தாராளம் என்கிறார். ஆபீஸ் வேலையாகக் கொல்கத்தா போகிறேன், இதுதான் முதல் தடவை என்றேன். உடனே மருந்துக்கடை உறை ஒன்றைப் பிரித்துப் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார். கடைப் பெயர்கள் கொஞ்சம்தான். எத்தனை மணிக்குப் போக வேண்டும், எதைக் கேட்கவே கூடாது, இதுதான் பெரும்பாலும். டிசம்பர் மாதத்தில் வருகிறாய், அதிர்ஷ்டசாலி, என்றார். ஏன் என்று கேட்டதற்கு "தெரியும், தெரியும்" என்று சிரித்தார்.

டிசம்பர் 8, ஞாயிறு

உறையில்: "திரெட்டா பஜார், ஞாயிறு காலை 6. எட்டுக்குப் போவதாக இருந்தால் தூங்கு."

போத்தார் கோர்ட் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெரு. காய்கறி, மீன், கோழிக் கடைகளுக்கு நடுவிலேயே மூங்கில் கூடைகளில் ஆவி பறக்கிறது. பன்றிக்கறி அடைத்த வெள்ளை பன், மீன் உருண்டை சூப், மோமோ. விற்பவர்களில் சிலர் இங்கேயே தலைமுறைகளாக இருக்கும் ஹக்கா சீனர்கள், இன்றைக்குப் பாதிக்கு மேல் மற்றவர்கள்தான். எடுத்த எடுப்பிலேயே பன் வாங்காதே, சூப் குடி, என்று எழுதியிருந்தார். குளிருக்கு அது சரியான யோசனை, மிளகு தொண்டையில் இறங்கியதும்தான் கண் திறந்தது. ஏழரைக்கே பாதிக் கூடை காலி. எட்டு மணிக்கு வந்த ஒரு கூட்டம் கேமராவோடு நின்று வெறும் கூடையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

மதியம் காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு வேலை, அப்படியே ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல். ஒரு காலத்தில் பைசாக் கணக்கில் சாப்பாடு போட்டதால் இந்த மாதிரி இடங்களை பைஸ் ஹோட்டல் என்கிறார்கள். கரும்பலகையில் அன்றைய ஐட்டம், எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. நம்மூர் அளவுச் சாப்பாடு மாதிரி ஒரு டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிட முடியாது. சாப்பிட்டு முடித்ததும் சர்வர் இத்தனை கிண்ணம், இத்தனை சோறு என்று மூச்சு விடாமல் கல்லாவுக்குக் கத்துகிறார், தப்பே வருவதில்லை.

பெரியவர் இங்கே நீளமாக எழுதியிருந்தார். "கசப்பில் தொடங்கு. பருப்பை முடித்துவிட்டு மீனுக்குப் போ. எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசையாதே, மதராஸிகள் பிசைவதை வேலூரில் பார்த்தேன்." கோபம் வந்தது. சாம்பார், ரசம், மோர் என்று நமக்கும் வரிசை உண்டு ஐயா! ஆனாலும் சொன்னபடி செய்தேன். முதலில் ஷுக்தோ, பாகற்காயும் முருங்கைக்காயும் பால் கலந்த குழம்பில், மெல்லிய கசப்பு. அடுத்து பருப்பு, பொரியல், அப்புறம் கடுகு அரைத்த குழம்பில் பாப்தா மீன். கடைசியில் இனிப்புத் தக்காளிச் சட்னி. கசப்பில் தொடங்கியதால் நாக்கு விழித்துக்கொள்கிறது, பருப்பு வரும்போது ருசி கூடுதலாகத் தெரிகிறது. இந்த ஒன்றை வீட்டிலும் செய்து பார்க்கலாம். "இலிஷ் கேட்காதே, அது மழைக்கால மீன், இப்போது கொடுப்பது ஐஸ் பெட்டி மீன்" என்றும் இருந்தது. பக்கத்து மேஜைக்காரர் அதைத்தான் வாங்கிச் சாப்பிட்டார், முகத்தைப் பார்த்தால் குறை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

நடந்து வந்து பாரமவுண்ட்டில் இளநீர் ஷர்பத். 1918ல் ஆரம்பித்த கடை. ஷர்பத் செய்முறையைத் தந்தவர் வேதியியல் விஞ்ஞானி பிரபுல்ல சந்திர ராய் என்கிறார்கள். வழுக்கையும் போட்டுத் தருகிறார்கள். இளநீரில் சர்க்கரை எதற்கு என்று எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான்.

டிசம்பர் 11, புதன்

புச்கா. பானிபூரி என்று சொல்லிவிடாதே என்று அடிக்கோடு போட்டிருந்தார். உருளைக்கிழங்கு மசாலாவில் புளித்தண்ணீர், காரம் நன்றாகவே இருக்கிறது. முடிந்ததும் ஒன்று இலவசம், "பாவ்" என்று கேட்டால் தண்ணீர் ஊற்றாமல் தருவார். கேட்டேன், தந்தார்.

டிசம்பர் 14, சனி

நான் ஆம்பூர்க்காரன். பிரியாணியில் உருளைக்கிழங்கு போடுபவர்களோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது. பெரியவர் இதை முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்கிறார்: "முதலில் கிழங்கைச் சாப்பிடு. பிறகு சண்டை போடு."

லக்னோவிலிருந்து ஆண்ட அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் ராஜ்யத்தை 1856ல் கும்பெனி பிடுங்கிக்கொண்டதும் அவர் இங்கே மெட்டியாபுருஸில் வந்து தங்கினார், கூடவே லக்னோ சமையல்காரர்களும். கறி வாங்கக் காசில்லாமல்தான் கிழங்கு சேர்த்தார்கள் என்று ஒரு கதை. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் பென்ஷன் வாங்கிக்கொண்டு சொந்தமாக மிருகக்காட்சி சாலை வைத்திருந்த மனிதருக்கு ஆட்டுக்கறிக்கா பஞ்சம்? அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு ஒரு புதுப் பண்டம், ஆசைக்குப் போட்டிருப்பார்கள் என்று அவர் வாரிசுகள் சொல்வதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது.

சரி, ருசி? சோறு நம்முடையதை விடச் சாது. காரம் இல்லை, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய் இல்லை. ஆனால் கிழங்கு! கறிச்சாறும் குங்குமப்பூ வாசமும் நடுவரை இறங்கியிருக்கிறது. இன்னொன்று கேட்டு வாங்கினேன். ஆம்பூரில் இதைச் சொல்ல வேண்டாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

டிசம்பர் அதிர்ஷ்டம் என்றாரே, அது நொலேன் குர். ஈச்சமரத்தில் ராத்திரி சாறு வடித்து, விடியலில் காய்ச்சி எடுக்கும் வெல்லம், குளிர் மாதங்களில் மட்டும். ஹெதுவா பக்கத்தில் 1844லிருந்து நடக்கும் நகுர் கடையில் கம்பிக்கு வெளியே நின்று வாங்கினேன். ஜல்பரா சந்தேஷ் என்ற பால் இனிப்பு, கடித்ததும் நடுவிலிருந்து வெல்லப்பாகு. கருப்பட்டியின் புகை வாசம் இதிலும் கொஞ்சம் உண்டு, காட்டம் குறைவு. "ஒரே வாயில் போடு, சட்டை பத்திரம்" என்ற குறிப்பு இல்லாவிட்டால் நாளை ஆபீசுக்கு இந்தச் சட்டை இருந்திருக்காது.

டிசம்பர் 17, செவ்வாய்

"லேக் மார்க்கெட்டில் இட்லி கிடைக்கும். போகாதே, அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தாய்" என்பது உறையின் ஓரத்தில். இதை மட்டும் மீறினேன். பல காலமாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி, மல்லிகைப்பூவும் காபிப்பொடியும் விற்கிறார்கள். கடைக்குள் போனால் சுற்றிலும் வங்காளிக் குடும்பங்கள், எதிரில் இருந்த அம்மா தோசையை முதலில் தனியாகத் தின்று முடித்துவிட்டு, பிறகு சாம்பாரைக் கிண்ணத்தோடு குடித்தார். வரிசை, வரிசை!

இன்னும் ஒரு வரி பாக்கி: "ஷ்யாம்பஜார், கோஷா மாங்ஷோ. எண்ணெய் ஜாஸ்தி. மறுநாள் லீவு இருந்தால் மட்டும்." மசாலாவில் சுருள வதக்கிய ஆட்டுக்கறியாம், வெள்ளி ராத்திரிக்கு வைத்திருக்கிறேன்.