காய் சட்னி என்று நம்பி உட்கார்ந்தேன்

2012-இல் எட்டு மாதம் ஒடிசாவில் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் இருந்தேன். செல்போன் டவர் நிறுத்துகிற வேலை. பாரிபதாவில் அறை, வேலை மட்டும் ஏதாவது காட்டோரக் கிராமத்தில் இருக்கும். சாப்பாடு என்றால் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. மறுநாள் உருளைக்கிழங்கு, பருப்பு, சோறு. அதனால்தான் கூட வேலை பார்த்த சந்தால் பழங்குடிப் பையன் ஒருநாள், "பாய்னா, இன்னிக்கு எங்க வீட்ல காய் சட்னி" என்று இந்தியில் சொன்னதும் குஷியாகிவிட்டேன். கத்தரிக்காயோ பீர்க்கங்காயோ, உருளைக்கிழங்கு இல்லையென்றால் சரி. போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

ஒடியாவில் 'காய்' என்றால் முசுறு. மாமரத்தில் இலைகளை இழுத்துச் சேர்த்துத் தைத்து, பந்து மாதிரி கூடு கட்டுமே, அந்தச் சிவப்பு எறும்பு. மாங்காய் பறிக்க ஏறிய எவனுக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அவனுடைய அம்மா வாசல் பக்கம் கல்லில் அரைத்துக்கொண்டிருந்தார். கூட்டை அப்படியே வெட்டி வாளித் தண்ணீரில் முக்கி, இலையையும் குப்பையையும் தள்ளிவிட்டு, எறும்பையும் முட்டையையும் மட்டும் எடுத்து வைத்திருந்தார்கள். கூட உப்பு, மிளகாய், இஞ்சி, பூண்டு. புளி மட்டும் இல்லை, தேவையும் இல்லை. முசுறு கடித்தால் எரிகிறதே, அந்த ஃபார்மிக் அமிலம்தான் சட்னிக்குப் புளிப்பு. அரைக்க அரைக்க எலுமிச்சையைக் கீறியது போல ஒரு வாசனை வந்தது. உண்மையைச் சொன்னால் வாயில் எச்சில்கூட ஊறியது. ஆனால் கல்லின் ஓரத்தில் அரைபடாமல் தப்பிய ஒன்று நடந்து போனதைப் பார்த்துவிட்டேன்.

வயிறு சரியில்லை என்று சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பருப்பு கொண்டுவந்து ஊற்றினார். கூட உருளைக்கிழங்கும்.

இதில் எனக்கு வெட்கமாக இருப்பது ஒன்றுதான். நான் ஈசல் தின்று வளர்ந்தவன். தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் மழை பெய்து ஓய்ந்த அந்தியில் ஆச்சி முற்றத்தில் அரிக்கேன் விளக்கை வைத்து, பக்கத்தில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைப்பாள். புற்றிலிருந்து கிளம்பி வெளிச்சத்துக்கு வரும் ஈசல் எல்லாம் அதில் விழும். மறுநாள் வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் வறுத்து, சுளகில் போட்டுப் புடைத்தால் இறகு பறந்துவிடும். அதோடு வறுத்த அரிசியும் பொரிகடலையும் கலந்து, டிரவுசர் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். நிலக்கடலையை நெய்யில் வறுத்த மாதிரி இருக்கும். ஈசலும் பூச்சி, முசுறும் பூச்சி. ஒன்றை ஆச்சி கொடுத்தாள், இன்னொன்றைக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

2024 ஜனவரியில், அதே மயூர்பஞ்ச் காட்டுப் பக்கத்துச் சிமிலிபால் காய் சட்னிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகச் செய்தி வந்தது. திருநெல்வேலி அல்வாவுக்கே இன்னும் வாங்கித் தர முடியவில்லை என்று எங்கள் வீட்டில் ஒரே பேச்சு. எனக்கு அந்தப் பருப்புதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து 'சாவதற்குள் சாப்பிட வேண்டியவை' என்று மனதில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். முதலிடம் காய் சட்னி.

பட்டியலில் மற்றவையும் உண்டு. குற்றாலத்துப் பழக்கடையில் சீசனுக்குச் சீசன் துரியானைப் பார்க்கிறேன், விலையைக் கேட்டுவிட்டு மங்குஸ்தான் வாங்கி வருகிறேன். சீனர்களின் கறுத்த முட்டை ஒன்று. சுண்ணாம்பும் சாம்பலும் உப்பும் பூசி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வைத்தால் வெள்ளைக்கரு பழுப்புக் கண்ணாடி போல ஆகிவிடுமாம். 'நூறாண்டு முட்டை' என்பார்கள், பெயரில்தான் நூறாண்டு.

ஐஸ்லாந்தின் ஹாகார்ல் மேல் ஆசையும் பயமும் சம அளவு. கிரீன்லாந்துச் சுறாவின் கறியைப் பச்சையாகத் தின்றால் விஷம். அதனால் வாரக்கணக்கில் புதைத்து நொதிக்க விட்டு, பிறகு மாதக்கணக்கில் காற்றில் தொங்கவிட்டுச் சின்னத் துண்டுகளாகத் தின்கிறார்கள். அம்மோனியா வாடை தூக்குமாம். இதை மனைவியிடம் விளக்கினேன். "நீங்க வாங்கிட்டு வர்ற பழைய சுறாவிலும் அதே வாடைதான். அதைத்தானே நான் வெந்நீர் ஊத்தி ஊத்திக் கழுவிப் புட்டு பண்றேன், இதுக்கு ஐஸ்லாந்து எதுக்கு?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. சுறாவின் உடம்பில் யூரியா இருக்கிறது, செத்தபின் அதுதான் அம்மோனியாவாகிறது. ஐஸ்லாந்தானாலும் தூத்துக்குடியானாலும் சுறா சுறாதான்.

போன வாரம் துணிந்து அந்தப் பையனுக்கு போன் போட்டேன். எண் மாறவில்லை. இப்போது பையன் இல்லை, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அம்மா நலம் என்றான். அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி இல்லை என்று பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகச் சுமந்ததை இறக்கிவைத்தேன்.

"தெரியும் பாய்னா. அம்மாவுக்கும் தெரியும்" என்று சிரித்தான்.

இப்போது வந்தால் கிடைக்குமா, சாப்பிடுவேன் என்றேன். வாங்க என்றான். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அதுக்கு ரயில் ஏறி இவ்வளவு தூரம் வரணுமா? உங்க ஊர்ல அந்த எறும்பு கிடையாதா?" என்று கேட்டான்.

ஆச்சி வீட்டு மாமரத்தில் இன்றைக்கும் மூன்று கூடு தொங்குகிறது. நேற்றுப் போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தேன். வாளி இருக்கிறது, கொக்கிக் கம்பு இருக்கிறது. அம்மியைத் தர மாட்டேன் என்கிறாள் மனைவி.