53 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்துவிட்டதா?

காரில் பெட்ரோல் முள் சொல்வதை மின்படகில் வோல்ட்மீட்டர் சொல்லும் என்று நம்புவதுதான் முதல் தவறு. பழைய ஈய-அமில பேட்டரியில் அந்தப் பழக்கம் ஓரளவு ஓடியது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் ஓடாது.

சிறு படகுகளில் சாதாரணமாகப் போடும் ஒரு அமைப்பையே எடுத்துக்கொள்வோம். 3.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி செல்கள் 16, தொடராக. மொத்தம் 51.2 வோல்ட், சுமார் 14.3 யூனிட். மோட்டாரை நிறுத்தி ஓய்வில் அளந்தால் 80 சதவீதத்தில் ஏறக்குறைய 53.2 வோல்ட், 40 சதவீதத்தில் ஏறக்குறைய 52.6 வோல்ட். பாதிக்குப் பாதி காலியாகியும் வித்தியாசம் அரை வோல்ட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மோட்டார் 100 ஆம்பியர் இழுத்தாலே அந்த அளவு இறங்கிவிடும். பிறகு எதை வைத்துக் கணக்கிடுவது?

ஷண்ட்தான் வழி. ஓடும் கரண்ட்டை மீட்டர் அளக்க உதவும் மிகச் சிறிய தடை அது. பேட்டரியின் நெகட்டிவில் ஷண்ட்டை மாட்டி, உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்ததையும் எண்ண வேண்டும். மோட்டார், சார்ஜர், சோலார் எல்லாவற்றின் நெகட்டிவும் ஷண்ட்டின் மறுபக்கத்தில்தான் சேர வேண்டும். ஒரு வயர் நேராக பேட்டரிக்குப் போனாலும் அந்தக் கரண்ட் கணக்கில் வராது. இன்னொரு பொறி, நிறைந்ததென்று மீட்டர் முடிவுசெய்யும் அளவு. 55 வோல்ட்டுக்கு மேல், கரண்ட் 11 ஆம்பியருக்குக் கீழ், இரண்டு மூன்று நிமிடம் என்று வைப்பது வழக்கம். சோலார் ஏற்றும்போது மேகம் மறைத்தாலும் கரண்ட் அதே மாதிரி விழும். மீட்டர் ஏமாந்து 100 சதவீதம் என்று எழுதிவிடும். சோலார் படகுகளில் அந்த நேரத்தைக் கூட்டி வையுங்கள்.

சார்ஜருக்கு வருவோம். ஒரு செல் 3.65 வோல்ட் வரை தாங்கும். 16ஆல் பெருக்கினால் 58.4. அதற்காக அங்கே வரை ஏற்ற வேண்டியதில்லை. 56 வோல்ட்டில் நிறுத்தி, கரண்ட் 10 ஆம்பியருக்கு இறங்கும்வரை பிடித்துவைத்தாலே பேட்டரி நிறைந்துவிடும். நிறைந்தபின் தாங்கிப்பிடிக்கும் ஃப்ளோட் வேண்டுமென்றால் 53.6 போதும். 58.4 வைத்தால், முந்தி ஓடும் ஏதோ ஒரு செல் 3.65ஐத் தொட்டு, பிஎம்எஸ் (செல்களைக் காக்கும் மின்னணுப் பலகை) மொத்தத்தையும் துண்டித்துவிடும். ஈய-அமிலத்துக்கான சார்ஜரில் ஈக்வலைசேஷன் என்று, வேண்டுமென்றே அதிக வோல்ட்டில் ஏற்றும் ஒரு நிலை இருக்கும். லித்தியத்தில் அது அணைந்தே இருக்க வேண்டும். படகுத்துறையில் கிடைப்பது 16 ஆம்பியர் பிளக் என்றால் 48 வோல்ட் 50 ஆம்பியர் சார்ஜர் வரைதான் போடலாம். 20 சதவீதத்திலிருந்து நிறைய நாலரை மணி நேரம் ஆகும்.

ஒரு செல் முந்துவதற்குக் காரணம், எல்லாச் செல்லிலும் சார்ஜ் ஒரே அளவில் இல்லாததுதான். பிஎம்எஸ் சமன்செய்யும் என்று விட்டுவிடுகிறார்கள். சாதாரண பிஎம்எஸ் எரித்துக் கழிப்பது 50 முதல் 100 மில்லிஆம்பியர். 280 ஆம்பியர்-மணி செல்லில் 2 சதவீத ஏற்றத்தாழ்வு என்றால் 5.6 ஆம்பியர்-மணி, 100 மில்லிஆம்பியரில் 56 மணி நேரம். அதுவும் பெரும்பாலும் 3.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். தினமும் 90 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கும் படகில் அது வேலை செய்யவே நேரம் கிடைக்காது. கோக்கும் முன்பே 16 செல்லையும் பேரலலாக இணைத்து 3.65 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை பாதி தீரும். பிறகு மாதம் ஒருமுறையாவது முழுக்க ஏற்றி, சில மணி நேரம் அப்படியே விடுங்கள்.

இணைப்புகளை அவசரமாக முறுக்குவதுபோல் கெடுதல் வேறில்லை. முனையின் மேல் பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை), அதன்மேல் லக் (கேபிள் நுனியில் உள்ள ஓட்டைத் தகடு), கடைசியாக வாஷர், நட்டு. லக்குக்கும் பஸ்பாருக்கும் நடுவில் வாஷர் வரக்கூடாது. ஒரு மில்லிஓம் தடை கூடினால் 150 ஆம்பியரில் 22.5 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னைச் செல்லின் முனையில் வைத்துக்கொண்டே பயணம் போவதற்குச் சமம். சோதிப்பது சுலபம். மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கும்போது மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளைச் செல்லின் முனையிலும் மற்றதை பஸ்பாரிலும் தொடுங்கள். மற்ற இணைப்புகள் எல்லாம் 5, 8 என்று காட்டும் இடத்தில் ஒன்று மட்டும் 60 காட்டினால் அதைக் கழற்றித் தேய்த்து, செல் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்குங்கள். உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிளே போடுங்கள். பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே கிளாஸ் டி (Class T) ஃபியூஸ். மலிவான ஃபியூஸ் இந்தப் பேட்டரியின் ஷார்ட் சர்க்யூட்டை அறுக்காமல் தானே பொறி விட்டு எரியும்.

எத்தனை யூனிட் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வேகம்தான். இரட்டிப்பு வேகத்துக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். கேரளத்தில் வைக்கம்-தவணக்கடவு இடையே 2017இல் ஓடத் தொடங்கிய ஆதித்யா 75 பேரை ஏற்றும் படகு. அதற்கு 50 யூனிட் பேட்டரியும் கூரையில் 20 கிலோவாட் சோலாரும் போதுமானதற்கு இரட்டை உடலமைப்போடு அதன் நிதானமான வேகமும் காரணம்.

பில்ஜ் பம்பு, விளக்கு, விஎச்எஃப் ரேடியோ இவற்றை மட்டும் பெரிய பேட்டரியிலிருந்து நேராக எடுக்காதீர்கள். பிஎம்எஸ் துண்டித்த அதே நொடியில் தண்ணீரை வெளியேற்றும் பம்பும் நின்றுவிடும். தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி, பெரிய பேட்டரியிலிருந்து அதை ஏற்ற ஒரு டிசி-டிசி சார்ஜர். பம்பின் வயர், ஃபியூஸ் வழியாக, அந்தச் சின்ன பேட்டரிக்கே நேராகப் போகட்டும்.