ஸ்கேனுக்கு ஏன் இவ்வளவு தண்ணீர்?

கடலூரில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் அடிவயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்காகத் தண்ணீர் பாட்டிலும் கையுமாக நாலு பேர் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "நல்லா குடிச்சிட்டு அடக்கிக்கிட்டு இருங்கம்மா" என்பார்களே தவிர, ஏன் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல்.

இரண்டு பக்கமும் இடுப்பெலும்பு, பின்னால் முதுகெலும்பின் அடியிலுள்ள திரிக எலும்பும் வால் எலும்பும் வளைத்திருக்கும் இடுப்புக் குழியில், பெண்களுக்கு முன்னால் சிறுநீர்ப்பை, நடுவில் கர்ப்பப்பை, பின்னால் மலக்குடல் என்று எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சிறுநீர்ப்பை நிரம்பினால் மேலே எழும்பி, குறுக்கே கிடக்கும் குடலை ஒதுக்கிவிடும். குடலில் இருக்கும் காற்று அல்ட்ராசவுண்டின் ஒலியலையை மறிக்கும், தண்ணீர் மறிக்காது, ஆக நாம் குடித்த தண்ணீர்தான் உள்ளே பார்க்க ஜன்னல். பிறப்புறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்க்கும் உள்வழி ஸ்கேன் என்றால் இந்த அவஸ்தை கிடையாது, சிறுநீர் போய்விட்டு வரச் சொல்வார்கள்.

அப்புறம், ரிப்போர்ட்டில் 'பி.ஓ.டி.' (பவுச் ஆஃப் டக்ளஸ்) என்று பார்த்துப் பதறுகிறவர்கள் உண்டு. கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே உள்ள பள்ளம் அது, ஸ்காட்லாந்து உடற்கூறு நிபுணர் ஜேம்ஸ் டக்ளஸ் (1675–1742) பெயரில் வழங்குகிறது. நிற்கும்போது வயிற்றறையின் அடிமட்டம் அதுதான், அதனால் ரத்தமோ சீழோ அங்கே போய்த் தேங்கும். மாத சுழற்சியில் கொஞ்சம் நீர் தெரிவது சகஜம்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில் புராஸ்டேட் சுரப்பி. வயதானால் அது பெருத்துச் சிறுநீர் வழியை நெருக்கும், அதனால்தான் தாத்தாக்களை ஒருமுறை சிறுநீர் போய்வரச் சொல்லி, உள்ளே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று மறுபடி படுக்கவைத்துப் பார்க்கிறார்கள்.