கல்லமேட்டுக் களிமண்ணில் எலும்பெடுக்கும் வேலை

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் சுமார் 7 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்த டைனோசர் எலும்பு, மேலே தலைகாட்டிய பிறகு சில மழைக்காலங்களைக்கூடத் தாங்குவதில்லை. மழையில் களிமண் உப்புகிறது, வெயிலில் சுருங்கி வெடிக்கிறது. அதோடு சேர்ந்து எலும்பும் இழுபட்டு விரிசல் விடுகிறது. விரிசலில் புல்வேர் நுழைந்தால் மிஞ்சுவது சில்லுகள்தான். புதைபடிவம் என்ன சொல்லும் என்பது அது எவ்வளவு பழையது என்பதைவிட, வெளியே வந்த முதல் சில நாட்களில் நம் கைகள் என்ன செய்கின்றன என்பதைப் பொறுத்தது.

இதற்கு இந்த மண்ணிலேயே பெரிய சாட்சி பிருஹத்காயோசாரஸ் என்ற டைனோசர். 1987-இல் புவியியலாளர்கள் யாதகிரி, அய்யாசாமி இருவரும் இடுப்பு, தொடை, கீழ்க்கால், முன்கை, வால் எலும்புகளைக் கொண்டு இதை விவரித்தார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றான அர்ஜெண்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே 1.55 மீட்டர்தான். முதலில் ஊனுண்ணி என்று வகைப்படுத்தப்பட்ட விலங்கு, பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவரவுண்ணியாக மாற்றப்பட்டது. ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன; இன்று எடுத்துப் பார்க்க எதுவும் இல்லை. கட்டுரையில் இருந்தவை கோட்டுப் படங்கள். அதனால் அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்றுகூடப் பலர் சந்தேகப்பட்டார்கள். களத்தில் எடுத்த புகைப்படங்கள் வெளியானது 2022-இல்தான். உலகின் மிகப் பெரிய நிலவிலங்காக இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் பற்றி 35 ஆண்டுகள் யாரும் உறுதியாகப் பேச முடியவில்லை. எனக்கு இது தீராத வருத்தம்.

மரம் என்ற சந்தேகம் அர்த்தமற்றதல்ல. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. அடிமரத் துண்டுகள் இந்த வட்டாரத்தில் சாதாரணம். பிரித்தறிய 10 மடங்கு கைலென்ஸ் போதும். புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள். எலும்பென்றால் வெளியே கெட்டியான ஓடு, உள்ளே கடற்பஞ்சு போன்ற துளைகள். மரமென்றால் நீளவாக்கில் நார், குறுக்கே வளையம். அப்போதும் ஐயமிருந்தால் ஒரு சில்லை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் விடை கிடைத்துவிடும். அவ்வப்போது செய்தியாகும் 'டைனோசர் முட்டை'களுக்கும் இதே சோதனைதான். உருண்டையாக இருப்பது எதையும் நிரூபிக்காது. கடலடி மண்ணில் இயல்பாகத் திரளும் கல்லுருண்டைகள் இங்கே ஏராளம். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும், ஓட்டில் காற்றுத்துளைகள் தெரிய வேண்டும்.

எலும்பு என்று உறுதியானதும் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் அளவுகோல் வைத்துப் படம், எலும்பு நீளும் திசை, எந்த அடுக்கில் எந்த உயரத்தில் என்ற குறிப்பு. தோண்டியபின் இவற்றைத் திரும்பப் பெற வழியே இல்லை. முதல் நாள் நல்ல படங்களும் குறிப்பும் மட்டும் தேறினாலும் அது முழு நாள் வேலைதான்.

அடுத்து ஒட்டுப்பிசின். பாராலாய்ட் பி-72-ஐ அசிட்டோனில் 5 சதவீதமாகக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விரிசலுக்குள் இறக்க வேண்டும். ஈரமான எலும்பில் விட்டால் வெள்ளை பூத்து மேலே ஏடு கட்டும், உள்ளே இறங்காது. உச்சிவெயிலிலும் அதே கதி: அசிட்டோன் பறந்துவிடும், பிசின் மேலேயே தங்கிவிடும். காய்ந்த எலும்பு, காலை நேரம் இரண்டும் சேர வேண்டும்.

பிறகு எலும்பைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, மண்ணோடு சேர்த்து மேடையாக நிறுத்தி, அடியில் காளான் தண்டு போலக் குடைய வேண்டும். மேலே பிளாஸ்டர் உறை போடும் முன், நனைத்த டிஷ்யூ பேப்பரை எலும்பின்மேல் நாலைந்து மடிப்பு ஒட்டுங்கள். இதைத் தவிர்த்தால் பிளாஸ்டர் எலும்பைக் கவ்விக்கொள்ளும். ஆய்வகத்தில் பிரிக்கும்போது மேற்பரப்பும் கூடவே வரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைக்கும்போது தண்ணீரில் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். பொடி மூழ்காமல் திட்டுத்திட்டாக நிற்கும்போது போதும். கையில் இருப்பது ஏறத்தாழ 10 நிமிடம், வெயிலில் இன்னும் குறைவு. ஈரம் குடித்த பழைய மூட்டை சரியாக இறுகாது; ஒரு கைப்பிடி கரைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு சாண் அகலச் சாக்குப் பட்டைகளை அதில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி இரண்டு மூன்று அடுக்கு. நீள எலும்பென்றால் பக்கவாட்டில் மரச்சட்டம் வைத்துக் கட்டுங்கள், இல்லையேல் புரட்டும்போது நடுவில் முறியும்.

எடையைப் பலரும் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டர் பொதியே ஏறக்குறைய அரை டன். உறைக்குள்ளும் களிமண் இருக்கிறது. அது காய்ந்து சுருங்கினால் இடைவெளி விழும், எலும்பு உள்ளேயே ஆடி நொறுங்கும். பொதியை மாதக்கணக்கில் கிடப்பில் போடுவது எடுக்காமல் விடுவதற்குச் சமம்.

பெரிய எலும்பு மட்டுமே கண்ணில் நிற்பது இந்த வேலையின் பலவீனம். கல்லமேட்டில் உறுதியான சேதி பல சின்னத் துண்டுகளிலிருந்தே வந்தது. டைனோசர்கள் வாழ்நாளெல்லாம் பல் விழுந்து முளைத்தவை. பல்லின் எனாமல் களிமண்ணுக்கு அசையாது. அதனால் மண்ணைக் கரைத்துச் சலித்துப் பற்களைத் தேட வேண்டும். மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே ஊறவைக்க வேண்டும். காய்ந்த களிமண் தண்ணீரில் தானே உதிரும், ஈரமண் பசையாகவே நிற்கும். அடங்காத மண்ணைக் காயவைத்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் பிரிந்துவிடும். அரை மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவதை நுண்ணோக்கியில் பொறுக்குவதுதான் பொறுமை கேட்கும் பகுதி. இங்கே கிடைத்த குர்மடெமிஸ் ஆமைக்கும், சிமோசுக்கஸ் வகை முதலையின் பல்லுக்கும் உறவு மடகாஸ்கரில் இருக்கிறது. இரு நிலங்களும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்ததற்கு ஒரு பல்லும் சாட்சி.

டைனோசர்களின் பேரழிவைப் பற்றி மட்டும் இங்கே அளந்து பேச வேண்டும். கல்லமேட்டு ஆற்றுமண்ணுக்கு மேலே வருவது நின்னியூர்க் கடலடுக்கு. அதில் டைனோசர் கிடையாது, ஹெர்கோகிளாசா என்ற நாட்டிலாய்டு (சுருள் ஓடுள்ள கடலுயிரி) உண்டு. இரண்டுக்கும் நடுவே படிவு விட்டுப்போயிருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த தருணத்தை, விண்கற்களில் மிகுந்திருக்கும் உலோகமான இரிடியத்தின் அடுக்காகத் தேடுகிறவர்கள் மேகாலயாவின் உம் சோரிங்கியூ ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். அரியலூரில் தேட வேண்டியது, அதற்குச் சற்று முன்பு இந்த ஆற்றங்கரையில் யாரெல்லாம் இருந்தார்கள் என்பதை.