போனி சிலிண்டரை எந்த அளவில் வாங்குவது, எப்படிப் பொருத்துவது

ஸ்கூபா பழகுகிறவர்களுக்குத் தொடக்க வகுப்பிலேயே ஆக்டோபஸை, அதாவது கூடுதலாக உள்ள மஞ்சள் நிற வாய்க்கருவியைக் காட்டி, காற்று தீர்ந்துபோன, உடன் மூழ்கும் துணைவருக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தருகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மஞ்சள் வாய்க்கருவியும் முதுகிலுள்ள அதே சிலிண்டரிலிருந்து, சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் அதே முதல்நிலை ரெகுலேட்டர் வழியாகவே காற்றைப் பெறுகிறது என்பதால், சிலிண்டர் காலியானாலோ முதல்நிலை பழுதானாலோ இரண்டும் ஒருசேர நின்றுபோகும். அப்போது மிஞ்சுவது துணைவரின் காற்று மட்டுமே; கலங்கிய நீரில் அவர் கைக்கெட்டும் தொலைவில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர், தனி அழுத்தமானி ஆகியவை கொண்ட சிறிய மாற்று ஏற்பாடான போனி சிலிண்டரை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

எந்த அளவில் வாங்குவது என்பதைக் கடைக்காரரின் பரிந்துரைக்கு விட்டுவிடாமல் நாமே கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டாக, செங்கடலில், எகிப்துக்கு அருகே, 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மன் விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்த திஸில்கார்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல் ஏறத்தாழ 30 மீட்டர் ஆழத்துக் கடற்தரையில் கிடக்கிறது. நீரோட்டம் வலுக்கும் இடம் அது. அந்த ஆழத்தில் அழுத்தம் 4 பார், அதாவது மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு; ஒவ்வொரு மூச்சுக்கும் அத்தனை மடங்கு காற்று செலவாகும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் காற்றில் அமைதியாகச் சுவாசிப்பவர்கூடப் பதற்றத்தில் 30 லிட்டரோ அதற்கு மேலோ இழுப்பார். 30 என்றே கொண்டால், நிலைமையைச் சமாளிக்கும் முதல் நிமிடத்துக்கு 120 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம்வரை ஏறுவதற்கு ஏறக்குறைய 3 நிமிடங்களும் 250 லிட்டரும், அங்கே 3 நிமிடம் பாதுகாப்புக்காக நிற்பதற்கு 135 லிட்டரும், கடைசி 5 மீட்டருக்குச் சுமார் 40 லிட்டரும் செலவாகும். மொத்தம் ஏறத்தாழ 545 லிட்டர்.

200 பார் வரை நிரப்பிய 3 லிட்டர் சிலிண்டரில் 600 லிட்டர் இருக்கும். போதும், ஆனால் தாராளமில்லை. ஆகவே இந்த ஆழத்துக்கு 850 லிட்டர் கொள்ளும் 30 கன அடி சிலிண்டரையே நான் தேர்ந்தெடுப்பேன். கையடக்கமாக விற்கப்படும் 3 கன அடிச் சிறு சிலிண்டரிலோ 85 லிட்டர்தான் உண்டு. 30 மீட்டரில் அது முக்கால் நிமிடத்துக்குக்கூட வராது. ஆழமற்ற நீரில் அதற்குப் பயன் இருக்கலாம், இங்கே இல்லை.

முதன்மை சிலிண்டரோடு பட்டையால் சேர்த்து முதுகில் கட்டுவோர் பலர். நான் இடப்பக்கம், தோளுக்கும் இடுப்புக்கும் அருகே உடற்பட்டையிலுள்ள இரண்டு டி-வளையங்களில் (D வடிவ உலோக வளையங்கள்) கொக்கிகளால் மாட்டுகிறேன். வால்வு கைக்கு எட்டுகிறது, அழுத்தமானி கண்ணுக்குத் தெரிகிறது, தேவைப்பட்டால் சிலிண்டரையே கழற்றி இன்னொருவரிடம் கொடுத்துவிடவும் முடிகிறது.

வால்வைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்ற விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. திறந்திருந்தால் உடனே சுவாசிக்கலாம். ஆனால் வாய்க்கருவி கவனிக்கப்படாமல் காற்றைக் கசியவிட்டால், வேண்டிய நேரத்தில் சிலிண்டர் காலியாக இருக்கும். முழுக்க அழுத்தமில்லாமல் மூடிவிட்டால் முதல்நிலைக்குள் நீர் புகக்கூடும். வாய்க்கருவியை ரப்பர் வளையத்தில் கோத்துக் கழுத்தில் தொங்கவிடுகிறவர் திறந்தே வைக்கட்டும், கசிந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். சிலிண்டரோடு மடித்துக் கட்டுகிறவர் ஒருமுறை திறந்து குழாயில் அழுத்தம் ஏற்றிய பிறகு மூடிக்கொள்வது நல்லது. அவர் கண்ணை மூடிக்கொண்டு வால்வைத் திறக்கும் அளவுக்குப் பழகியிருக்கவும் வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. படகின் பரபரப்பில் போனியின் வாய்க்கருவியையே கடித்துக்கொண்டு இறங்கி, முதன்மை சிலிண்டர் நிரம்பியிருப்பதை அழுத்தமானியில் பார்த்து நிம்மதியடைந்தபடி, மாற்றுக் காற்றை ஆழத்தில் தீர்த்துவிடும் விபத்து அது. இரண்டு வாய்க்கருவிகளும் நிறத்தால் மட்டுமன்றித் தொட்டாலே தெரியும் வடிவத்தாலும் வேறுபட வேண்டும். குதிக்குமுன் வாயிலிருப்பதில் மூச்சிழுத்தவாறே முதன்மை அழுத்தமானியின் முள்ளைப் பார்ப்பதோடு, அந்த வாய்க்கருவியின் குழாயை விரலால் தடவி எந்த சிலிண்டரில் முடிகிறது என்பதையும் உறுதிசெய்கிறேன்.

போனியிலுள்ள காற்றைப் பயணத் திட்டத்தில் நான் சேர்ப்பதே இல்லை. முதன்மை சிலிண்டரில் 50 பார் மீதமிருக்க மேற்பரப்பை அடைய வேண்டும் என்ற வரம்பு, பக்கத்தில் 850 லிட்டர் தொங்கினாலும் அப்படியே இருக்கிறது.