வால்யூமைக் கூட்டாதே

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது பழைய சிடி ஒன்று கிடைத்தது. மாமா பையன் ரைட் பண்ணிக் கொடுத்தது. மேலே மார்க்கரில், என் ப்ளஸ் டூ கையெழுத்தில், 'பெல் அண்ட் செபாஸ்டியன் - யாரும் எடுக்கக் கூடாது'. பெல் அண்ட் செபாஸ்டியன் ஒரு ஸ்காட்லாந்து பேண்ட். எடுக்க வீட்டில் யாரும் தயாராக இல்லை என்பது வேறு விஷயம், அம்மாவுக்கு அது 'தூங்கி வழியற பாட்டு'.

சிடி ஓட்ட இப்போது வீட்டில் எதுவும் இல்லை. போனில் தேடி, அந்த சிடியில் இருந்த அவர்களுடைய 'இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்' ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்டேன். பத்தே பாட்டு, நாற்பது நிமிடம் சொச்சம்.

முதல் பாட்டு தொடங்கியதுமே கை வால்யூமுக்குப் போனது. அன்றைக்கும் இதே கதைதான். பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போல பேண்டின் பாடகர் ஸ்டூவர்ட் முர்டாக் பாட ஆரம்பிப்பார், கேட்கவில்லையே என்று கூட்டி வைத்தால் கடைசியில் ட்ரம்பெட்டும் மொத்த பேண்டும் சேர்ந்து காதைப் பிய்க்கும். மாமா பையன்தான் ஏதோ சொதப்பிவிட்டான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாவம் அவன். 1996இல் கிளாஸ்கோவில் பதிவு செய்ததே அப்படித்தான். பேண்டுக்கே அந்தப் பதிவில் திருப்தியில்லாமல், 2005இல் லண்டன் பார்பிகன் அரங்கில் ஆல்பம் முழுவதையும் மேடையில் வாசித்து, அதையும் வெளியிட்டார்கள். கேட்டேன். தெளிவாக, கனமாக, நன்றாகவே இருக்கிறது. எனக்கு வேண்டாம்.

பதினேழு வயதில் இதெல்லாம் என்னைப் பற்றிய பாட்டு. 'கெட் மீ அவே ஃப்ரம் ஹியர், ஐ ஆம் டையிங்' என்று தலைப்பு வைத்தால், பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பையன் வேறென்ன நினைப்பான்? இப்போது கேட்டால் அது துள்ளிக்கொண்டு ஓடுகிற பாட்டு, புலம்புகிறவனைப் பார்த்துப் பாதி சிரிக்கிறது.

முர்டாக் இந்த ஆல்பத்துக்கு முன் ஏறத்தாழ ஏழு வருடம் நாட்பட்ட சோர்வு நோயில் முடங்கிக் கிடந்தவர், பாட்டு எழுதப் பழகியதே அப்போதுதான். பிறகு ஒரு சர்ச் ஹாலின் மாடியில் குடியிருந்து அதைப் பராமரிக்கிற வேலையும் பார்த்தார். இதெல்லாம் அன்றைக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. 'த ஃபாக்ஸ் இன் த ஸ்னோ'வில் முதலில் பனியில் பசியோடு ஒரு நரி, அப்புறம் ஒரு பெண், அப்புறம் சைக்கிளில் ஒரு பையன். ஜன்னலோரம் படுத்திருப்பவன் கண்ணுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகிற மாதிரியான வரிசை அது என்று இந்தத் தடவைதான் தோன்றியது. தலைப்புப் பாட்டின் பின்னால் குழந்தைகள் விளையாடுகிற சத்தம் கேட்குமே, அதுவும் எனக்கு ஜன்னல் வழியாக வருவது போலத்தான் இருந்தது.

'மீ அண்ட் த மேஜர்' ஹார்மோனிகா மட்டும் இன்னும் எரிச்சல்.

என் சிடியில் கடைசிப் பாட்டு, ஜூடியும் அவள் கனவில் வரும் குதிரைகளும், ஒரு கீறலால் பாதியில் திக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை முழுதாகக் கேட்டாகிவிட்டது, இருந்தாலும் அந்த இடம் வந்ததும் காத்திருந்தேன். திக்காமல் ஓடியது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.