நாய்க்குட்டிக்கு ட்ரை ஃபுட் மாற்றுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது

பழைய பிராண்டு இனிமேல் வராது என்று கடைக்காரர் சொன்னபோது வீட்டில் இருந்த பையின் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. பழையதையும் புதியதையும் கலந்து 7 முதல் 10 நாளில் மாற்ற வேண்டும், முதலில் கால் பங்கு புதியது, அப்புறம் பாதி, முக்கால், முழுசு என்பதெல்லாம் நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் கலக்கப் பழையது இருக்க வேண்டுமே! "கலக்கவெல்லாம் வேண்டாம், கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு" என்று அவர் கொடுத்த யோசனையை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மிச்சமிருந்ததை அளந்து, நாள்வாரியாகப் பொட்டலம் கட்டி வைத்தேன். பத்து நாளுக்கு இழுத்துப் பிடித்தால் போதும்.

அதிலும் மண் விழுந்தது. குட்டிகளுக்கானதைக் கேட்டால், வளர்ந்த நாய்க்கானதை அனுப்பியிருந்தார்கள். அதே நிறம், அதே நாய்ப் படம், மூலையில் ஒரு சின்ன வரி மட்டும் வேறு. நல்லவேளை, பிரிக்கும் முன்பே கண்ணில் பட்டது. பிரித்த பையைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். எங்கள் குட்டி வளர்ந்தால் 32 கிலோவைத் தாண்டும் இனம். இந்த மாதிரிக் குட்டிகளுக்குக் கால்சியம் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து, எலும்பு வளர்ச்சியே கோணிவிடும். அதனால் பையில் 'வளரும் குட்டிகளுக்கு' என்று இருந்தால் மட்டும் போதாது, பெரிய இனக் குட்டிகளுக்கும் ஏற்றது என்ற வரியையும் தேடிப் பாருங்கள்.

சரியான பை வந்து சேர்வதற்குள் பொட்டலங்களில் பாதி காலி.

கால் பங்கு கலந்தபோது தட்டில் ஒரு வேடிக்கை. பழைய உருண்டைகளைப் பொறுக்கித் தின்றுவிட்டு, புதியதை ஒவ்வொன்றாக வாயில் எடுத்துத் தரையில் வரிசையாகத் துப்பி வைத்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் கிளறியதும் எல்லாம் ஒரே வாசனையாகிவிட, சத்தமில்லாமல் சாப்பிட்டாள். நனைத்ததை நெடுநேரம் தட்டில் விடாதீர்கள், கெட்டுப்போகும்.

பாதிக்கு வந்ததும் மலம் கூழாகிவிட்டது. கிளினிக்குக்குப் போன் செய்தால் "கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்ற ஒரே பதில். போனால், வரவேற்பில் இருந்தவர் "மல சாம்பிள் எங்கே?" என்றார். அதைப் போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அன்றைக்கு அலைச்சல்தான் மிச்சம். வயிற்றுப்போக்கு என்று போவதாக இருந்தால் யாரும் சொல்லாமலே அன்றைய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். புழுவோ ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியோ இருந்தால் அதில்தான் தெரியும். தீவனப் பையின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கைகொடுத்தது அந்தப் போட்டோதான்.

சாம்பிளில் ஒன்றும் இல்லை. டாக்டர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எதால் அளக்கிறீர்கள்?" என்றார். பழைய பையோடு இலவசமாக வந்த கப்பால்தான். பழையது ஒரு கப்புக்கு 340 கிலோகலோரி, புதியது 410. முழுதாக மாறியிருந்தால் அதே கப்பில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே போயிருக்கும். புது உணவுக்கே பழகாத குடலுக்கு அளவும் கூடினால் எப்படித் தாங்கும்? கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுக்கச் சொன்னார். இன்னொன்று: பையில் அச்சடித்திருக்கும் அளவு ஒரு நாளைக்கானது, ஒரு வேளைக்கானது அல்ல. அதை வேளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

மறுபடி கால் பங்குக்கு இறங்கி, மலம் கெட்டியான பிறகே ஏற்றினோம். இருந்த பொட்டலங்கள் மட்டுமட்டாகப் போதுமானதாக இருந்தன. குடற்புழு மருந்து கொடுக்கும் முறையும் அந்த வாரம்தான் வந்தது. டாக்டரிடம் கேட்டுத் தள்ளிப்போட்டோம், இல்லையென்றால் வயிறு கெட்டால் எதனால் என்றே தெரியாது. குட்டி சுறுசுறுப்பாக இருந்ததால்தான் இவ்வளவு நிதானம். வாந்தி, மலத்தில் ரத்தம், சோர்ந்து படுத்துக்கொள்வது, இதில் எது வந்தாலும் தீவனத்தின் மேல் பழி போட்டுக் காத்திருக்க வேண்டாம், பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாகவும் இருக்கலாம். உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது பையில் கால் பங்கு இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுகிறேன். பிரிப்பதற்கு முன் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன வரியை வீட்டில் இரண்டு பேர் படித்தாக வேண்டும்.